இறக்கத்துக்குத்தான் கியர்

அடிவாரம்னு சொன்னா வெளியூர் நண்பர்கள் எல்லாரும் "எந்த மலைக்கு அடிவாரம்?"னு கேட்பாங்க. எங்களுக்கு அடிவாரம்ங்கிறதே ஊர்ப் பேருதான். சேலத்துல இருந்து ஏற்காடு போற வழியில, சமதரை முடிஞ்சு மலை ஆரம்பிக்கிற இடம். இங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏற்காடு. கடல் மட்டத்துல இருந்து பார்த்தா சேலம் முந்நூறு மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். அந்த வித்தியாசத்தை ஒரு நாளைக்கு பல தடவை ஏறி இறங்கினவர் எங்க பெரியப்பா. பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். இப்ப வயசு 64.

இந்தப் பதிவு பெரியப்பாவோட காலைப் பத்தி. காலைல இல்லீங்க, கால்! :-)

இதை ஏன் எழுதுறேன்னா, ஏழு மாசமா அவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்த பாவி நான்தான். அந்தக் கதையைக் கடைசியா சொல்லலாம்னு நினைச்சேன், ஆனா முதல்லயே சொல்லிட்டா எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

பெரியப்பாவுக்கு ரெண்டே பைத்தியம். ஒண்ணு பஸ். இன்னொண்ணு பூப்பந்து. நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு பூப்பந்துன்னா ஷட்டில்னு நினைப்பு. இல்லை மக்களே, இது வேற. பால் பேட்மிண்டன். மஞ்சள் கம்பளி நூல் சுத்தின பந்து, எடை 27-ல இருந்து 30 கிராம் வரைக்கும். ஷட்டில் அஞ்சு கிராம்தான் இருக்கும், அதோட ஒப்பிட்டுப் பாருங்க. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்துல செம்மண் கோர்ட், ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர். தஞ்சாவூர் அரச குடும்பத்துல ஆரம்பிச்ச ஆட்டம்னு சொல்வாங்க. அதாவது நம்ம மண்ணோட சொந்த ஆட்டம். அதனாலதானோ என்னவோ யாருக்கும் தெரியலை!

சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா பந்து கண்ணுக்குத் தெரியற வரைக்கும் ஆடுவாங்க. வாத்தியார், மளிகைக்கடைக்காரர், எஸ்டேட் ரைட்டர், எங்க பெரியப்பான்னு ஒரு செட்டு. அதுல ஐம்பது வயசுக்குக் கீழே ரெண்டே பேர்தான். பெரியப்பா நடுவுல நிப்பார். முன்னாடி விழுற பந்துக்கும் ஓடணும், பின்னாடி போற பந்துக்கும் திரும்பணும். அந்த "திரும்பணும்"லதான் பிரச்சினையே.

முதல்ல வந்தது குதிகால் வலி. காலைல கட்டில்ல இருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி குத்தின மாதிரி இருக்கும், பத்தடி நடந்தா குறைஞ்சிடும், சாயங்காலம் ஆடி முடிச்சு உட்கார்ந்து எழுந்தா மறுபடி வரும். அடுத்து இடது முழங்கால். "முப்பது வருசம் கிளட்ச் மிதிச்ச கால் கண்ணு, அதுக்கும் ரிட்டயர்மென்ட் கேக்குது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். கிளட்ச்தான் காரணமான்னு எனக்குத் தெரியாது, ஆனா வலி நெஜம்.

பெரியம்மா ஆட்டத்தை விடச் சொன்னாங்க. அப்பா சைக்கிள் ஓட்டச் சொன்னார். பெரியப்பா யார் பேச்சையும் கேட்கலை. என்னைக் கூப்பிட்டு ஐம்பது ரூபாய் கொடுத்து, "அந்த வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிட்டு வா கண்ணு, பெரியம்மாகிட்ட சொல்லாத"ன்னார். டைக்ளோஃபினாக். கடையில சீட்டும் கேட்கலை, கேள்வியும் கேட்கலை. நானும் கேட்கலை. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாடி ஒண்ணு போட்டுக்குவார். ரெண்டாவது மாசத்துல காலைலயும் ஒண்ணு. ஏழாவது மாசம் கால்ல வீக்கம். அது முழங்கால் வீக்கம் இல்லை, ரெண்டு கணுக்காலும் பூரி மாதிரி உப்பியிருந்தது. விரலால அழுத்தினா குழி விழுந்துச்சு.

அவருக்கு ஏற்கனவே பிரஷர் மாத்திரை உண்டு. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரையில சில வகையோட அது சேர்ந்தா பாதிப்பு இன்னும் அதிகம். ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் 1.9. டாக்டர் என்னைப் பார்த்து, "எத்தனை நாளா?"ன்னு கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதை எழுத வேண்டாம்.

இந்த டைக்ளோஃபினாக்குக்கு இன்னொரு கதை இருக்கு, வீட்டுக்கு வந்து படிச்சதுல தெரிஞ்சது. நம்ம நாட்டுல பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமா செத்துப்போச்சு. இந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ன கழுகுக்கு சிறுநீரகம் செயலிழந்து போனதுதான் காரணம்னு 2004-ல கண்டுபிடிச்சாங்க. 2006-ல மாட்டு வைத்தியத்துக்கு இந்த மருந்தைத் தடை பண்ணிட்டாங்க. மனுஷன் கழுகு இல்லை, நம்ம உடம்பு இதை வேற மாதிரி வெளியேத்தும், அதெல்லாம் சரி. டாக்டர் சொல்ற அளவுல, சொல்ற நாளைக்கு எடுத்துக்கிட்டா நல்ல மருந்துதான். ஆனா ஏழு மாசம், யாரையும் கேட்காம... அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மாத்திரை நின்னுது. ஆட்டமும் நின்னுது. டாக்டர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலை, இவரா நிறுத்திக்கிட்டார். மட்டையை உறையில போட்டு பரண்ல வெச்சுட்டார். சாயங்காலம் அஞ்சு மணி ஆனா டிவி. ரெண்டு மாசத்துல நாலு கிலோ ஏறினார். வலி குறையும்னு பார்த்தா அதுவும் இல்லை. முன்னாடி விளையாடினா வலிச்சது, இப்ப பாத்ரூம் போனாலே வலிச்சது. யாரோடயும் பேச்சில்லை. மாத்திரையை விட எனக்கு இதுதான் பயமா இருந்தது.

சேலத்துல ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாகிட்ட கூட்டிட்டுப் போனோம். அவங்க முதல்ல கேட்டது, "மாடி ஏறும்போது அதிகமா வலிக்குதா, இறங்கும்போதா?"

"இறங்கும்போதுங்க."

"அப்படித்தான் இருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும்"னாங்க.

இதை நான் அப்புறம் தேடிப் படிச்சேன். செயற்கை முழங்கால் மூட்டுக்குள்ளேயே சென்சார் வெச்சு ஜெர்மனியில அளந்திருக்காங்க, 2010-ல வந்த ஆய்வு. சமதரையில நடக்கும்போது மூட்டு மேல விழுற சுமை உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூணு மடங்குக்குக் கொஞ்சம் மேல. இறங்கும்போது மூன்றரை மடங்கு வரைக்கும். பெரியப்பா 78 கிலோ. அப்படின்னா ஒவ்வொரு படி இறங்கும்போதும் அந்த மூட்டு மேல 270 கிலோ! ஒரு புல்லட் பைக்கும் அதுக்கு மேல கொஞ்சம் சாமானும்!

அந்த அம்மா விளக்கினது இதுதான். இறங்கும்போது முன் தொடைத் தசை பிரேக் மாதிரி வேலை செய்யுது. நீளமாகிக்கிட்டே உடம்பைப் பிடிச்சு மெதுவா இறக்கி விடுது. தொடை பலமா இருந்தா அதிர்ச்சியை அது வாங்கிக்கும். தொடை இளைச்சுப் போச்சுன்னா எல்லாம் நேரா மூட்டுல போய் விழும். வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டா தொடை இன்னும் இளைக்கும், அப்ப இன்னும் வலிக்கும்.

அதுவரைக்கும் சுவரையே பார்த்துக்கிட்டு இருந்த பெரியப்பா சட்டுனு நிமிர்ந்தார். "இது இன்ஜின் பிரேக்குல்ல?"

மலைப்பாதையில வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. நியூட்ரல்ல விட்டோ டாப் கியர்ல விட்டோ பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினா பிரேக் சூடாகி, கருகின வாசம் வரும், அப்புறம் பிடிக்காது. இருபது வளைவையும் இன்ஜினோட பலத்துல பிடிச்சுக்கிட்டே இறங்கணும், பிரேக் சும்மா ஒத்தாசைக்கு. (நான் மெக்கானிக்கல் படிக்கிறேன், இதை எனக்கு வாத்தியார் சொல்லித் தர்றதுக்குப் பத்து வருசம் முன்னாடியே பெரியப்பா சொல்லிட்டார்.)

"அப்ப என் தொடைதான் இன்ஜின். முட்டிதான் பிரேக் லைனிங். நான் இத்தனை நாளா நியூட்ரல்ல இறங்கிட்டு இருந்திருக்கேன். கருகின வாசம் வராம இருக்க மாத்திரை போட்டு மூக்கை அடைச்சுக்கிட்டேன். அப்படித்தானுங்க?"

அந்த அம்மா சிரிச்சுட்டாங்க. "நான் இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்றேன்"னாங்க.

மூக்கை அடைச்சுக்கிட்டேன்னு அவர் சொன்னது எனக்கு ரொம்ப நாள் மனசுல ஓடிட்டே இருந்தது. டாக்டர் பால் பிராண்டைப் பத்தி எத்தனை பேருக்குத் தெரியும்? 1914-ல நம்ம பக்கத்து மலையான கொல்லிமலையில பிறந்தவர். 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளோட கைகால்களுக்கு அறுவை சிகிச்சை செஞ்சவர். தொழுநோயில விரலும் பாதமும் தானா அழுகி விழுறதில்லை, நரம்பு செத்து வலியே தெரியாததால காயம் பட்டுப் பட்டு அழிஞ்சு போகுதுன்னு எடுத்துச் சொன்னவர் அவர். வலியை யாரும் விரும்பாத ஒரு பரிசுன்னு சொல்லி 1993-ல புத்தகமே எழுதினார். கொல்லிமலைக்காரர் சொன்னதை சேர்வராயன் மலைக்காரங்க ஏழு மாசம் மாத்திரை தின்னுதான் புரிஞ்சுக்கணும்னு இருந்திருக்கு!

சரி, என்ன செஞ்சோம்னு சொல்றேன். சின்ன சின்ன விஷயம்தான்.

முதல்ல குதிகால். குதிகால் எலும்புல இருந்து விரல் வரைக்கும் பாதத்துக்கு அடியில ஒரு தடிச்ச பட்டை ஓடுது. அது நொந்து போயிருக்கு. எக்ஸ்ரேல எலும்பு முள்ளு மாதிரி வளர்ந்திருந்ததைப் பார்த்து பயந்துட்டோம், ஆனா வலியே இல்லாத நிறையப் பேருக்கும் அது இருக்குமாம், அதை விடுங்கன்னுட்டாங்க. காலைல கட்டிலை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே கால் மேல கால் போட்டு, விரல்களைக் கையால பிடிச்சு முழங்கால் பக்கமா இழுத்துப் பத்து எண்ணணும், அப்படிப் பத்துத் தடவை. முதல் அடி அதுக்கு அப்புறம்தான்.

அடுத்தது படிக்கட்டுப் பயிற்சி. டென்மார்க்ல 2014-ல செஞ்ச ஒரு ஆய்வுல இருந்து வந்தது. விரலுக்கு அடியில ஒரு துண்டைச் சுருட்டி வெச்சு, படியோட விளிம்புல நின்னு, மூணு செகண்ட்ல குதிகாலைத் தூக்கணும், மேல ரெண்டு செகண்ட் நிக்கணும், மூணு செகண்ட்ல மெதுவா இறக்கணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூணு மாசத்துல வெறும் நீட்டல் பயிற்சியை விட இது நல்ல பலன் கொடுத்திருக்கு. (ஒரு வருசம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு குழுவும் ஒரே மாதிரிதானாம். அதையும் சொல்லிடணும்ல.)

மூணாவது நாற்காலி. உட்காரும்போது தொப்புன்னு விழக்கூடாது, அஞ்சு எண்ணிக்கிட்டே இறங்கணும். கவனிச்சீங்களா, எல்லாத்துலயும் இறக்கம்தான் பாடம்! பெரியப்பா ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் வாயால "ர்ர்ர்ர்"னு கியர் சத்தம் கொடுப்பார். பெரியம்மாவுக்குக் கோபம் கோபமா வரும்.

நாலாவது எடை. எடையில ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல விழுற சுமையில நாலு கிலோ குறையும்னு 2005-ல ஒரு ஆய்வு வந்திருக்கு. ராத்திரி நாலு இட்லி மூணாச்சு. ஏறின நாலு கிலோவும் இறங்க அஞ்சு மாசம் ஆச்சு.

அஞ்சாவது செருப்பு. வீட்டுல டைல்ஸ் தரையில வெறுங்கால் கூடாது. எம்.சி.ஆர். செருப்பு வாங்கினோம். தொழுநோயாளிகளோட பாதத்தைக் காப்பாத்தப் பழகின அதே மெத்து ரப்பர்தான். "வீட்டுக்குள்ள செருப்பா!"ன்னு பெரியம்மா ஒரு வாரம் பேசலை. பூஜை அறைக்கு வெளியே கழட்டணும்னு உடன்படிக்கை ஆச்சு.

இதெல்லாம் செஞ்சும் கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. திரும்ப ஆடலாமா?

அதுக்கு பிசியோதெரபிஸ்ட் ஒரு கணக்கு கொடுத்தாங்க. பத்துக்கு எத்தனை மார்க் வலி? நாலு, அஞ்சு வரைக்கும் பரவாயில்லை. மறுநாள் அதே நேரத்துக்குள்ள பழைய நிலைக்கு இறங்கிடுச்சுன்னா நேத்து ஆடினது சரியான அளவு. இறங்கலைன்னா ஜாஸ்தி, அடுத்த தடவை குறைச்சுக்கணும். வலியே இல்லாம இருக்கணும்னு காத்திருந்தா எப்பவுமே ஆட முடியாது, வலியைக் கண்டுக்காம ஆடினா ரொம்ப நாள் ஆட முடியாது. பெரியப்பா காலண்டர்ல பால் கணக்குக்குப் பக்கத்துல வலி கணக்கும் எழுத ஆரம்பிச்சார்.

இதே சங்கடம் உலகம் பூரா இருக்கு. அமெரிக்காவுல டிஸ்க் கோல்ஃப்னு ஒரு ஆட்டம். பூங்காவுல நடந்துக்கிட்டே பறக்கும் தட்டை எறிஞ்சு, சங்கிலி தொங்குற கூடையில விழ வைக்கணும். எட் ஹெட்ரிக்ங்கிறவர் 1975-ல கலிஃபோர்னியாவுல இதுக்குன்னே முதல் நிரந்தர மைதானம் அமைச்சார். ஓட்டமே இல்லையே, வயசானவங்களுக்கு சுகமான ஆட்டம்னு தோணும். ஆனா தூரமா எறிய நாலடி வேகமா வந்து, முன்னங்காலை ஊன்றி, அது மேலயே உடம்பைத் திருப்பணும். பாதம் தரையில ஒட்டிக்கிட்டு நிக்க, உடம்பு மட்டும் திரும்பினா முறுக்கு எங்கே போகும்? முழங்காலுக்குத்தான். அதுக்கு வழி, ஓடி வர்றதை விட்டுட்டு நின்ன இடத்துல இருந்து எறியறது, பாதத்தையும் உடம்போட சேர்த்துத் திரும்ப விடறது. தட்டு கொஞ்சம் கம்மியாப் போகும். ஆனா அடுத்த வாரமும் எறியலாம்.

பெரியப்பாவும் அதேதான் செஞ்சார். நடு இடத்தை மளிகைக்கடைக்காரர்கிட்ட கொடுத்துட்டு வலைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டார். காலை ஊன்றிக்கிட்டு இடுப்பைத் திருப்புறதை விட்டு, சின்ன சின்ன அடியா வெச்சு முழு உடம்பும் திரும்பப் பழகினார். வாரத்துல மூணு நாள், நாளைக்கு ரெண்டு கேம். பத்து நிமிஷம் நடந்து உடம்பைச் சூடாக்காம மட்டையைத் தொடறதில்லை. பின்னாடி போற பந்தைப் பார்த்து, "போகட்டும்"னு விடக் கத்துக்கிட்டார். அதுதான் எல்லாத்தையும் விட கஷ்டமா இருந்ததாம். பூப்பந்துக்காக 1970-ல அர்ஜுனா விருது வாங்கின வாரங்கல் பிச்சையா நூறு வயசைத் தாண்டி வாழ்ந்து 2021-லதான் மறைஞ்சார். அதை அவர்கிட்ட சொன்னேன். "அப்ப எனக்கு இன்னும் நாப்பது வருச சர்வீஸ் இருக்கு"ன்னார்.

இப்ப கிரியாட்டினின் 1.3. டாக்டருக்குத் திருப்தி. வலி போயிடுச்சான்னா, போகலை. மழைக்காலத்துல காலைல முதல் அடி இன்னும் குத்துது. முழங்கால் தேய்மானம் திரும்பி வளராது. ரொம்ப வலிச்சா மேல தடவுற ஜெல், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்கு.

ஞாயித்துக்கிழமை காலைல நானும் அவரும் மலைப்பாதையில நடப்போம். ரெண்டு மூணு வளைவு வரைக்கும் ஏறுவோம். இறங்கி நடக்க மாட்டோம். மேல இருந்து வர்ற பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிடுவோம். ஏற நடை, இறங்க பஸ், இது அவர் போட்ட சட்டம். டிரைவருக்குப் பக்கத்துல இருக்குற சீட்டுலதான் உட்காருவார். போன வாரம் ஒரு சின்னப் பையன் ஓட்டினான், வளைவுக்கு முன்னாடி ரெண்டாவது கியருக்கு மாத்தினான். பெரியப்பா என் பக்கம் திரும்பி தலையாட்டினார்.

நான் அப்பதான் கேட்டேன். "பெரியப்பா, அந்த மாத்திரை... என் மேல கோபம் இல்லையே?"

"நான் கேட்டேன், நீ வாங்கின. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனா வாசம் வர்றது பிடிக்கலை" அப்படின்னார். அப்புறம் அடிவாரம் ஸ்டாப் வந்துடுச்சு. கைப்பிடியைப் பிடிச்சு, மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே ஒவ்வொரு படியா இறங்கினார்.

உங்க வீட்டுலயும் யாராவது ரூபாயைக் கையில கொடுத்து, "வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிட்டு வா"ன்னு சொன்னா, வாங்கிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எத்தனை நாளா?" நான் கேட்காத கேள்வி அது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, செமஸ்டர்ல ரெண்டு அரியர் வெச்சிருக்கிற மெக்கானிக்கல் மாணவன். இது எங்க பெரியப்பா காலுக்கு ஒத்து வந்த கணக்கு. உங்க பெரியப்பா காலுக்கு அவரைக் கையோட கூட்டிட்டுப் போய் ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. :-)